ஐந்தாம் நாள்: மரவள்ளிக்கிழங்கு

நான் பெற்ற என் அருமைத் தம்பிக்கு,

இதை நீ தனியாக உட்கார்ந்து படி. படித்து முடித்ததும் சாந்தியிடம் கொடு, அவளும் படிக்கட்டும். மீரா இப்போதைக்குப் படிக்க வேண்டாம். அவளுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று கடைசியில் எழுதியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கிளமெண்டியில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் செய்த காரியத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஆஸ்திரேலியாவில் மூன்று வாரம் கேரவனில் சுற்றப் போகிறோம், வழியெல்லாம் நாமே சமைத்துச் சாப்பிடப் போகிறோம் என்று மீரா துள்ளிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு, நாள்வாரியாக என்ன சமையல் என்று எழுதி வைத்திருந்தாள். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு அழகான கையெழுத்து! முதல் நாள் பொட்டல மீ நூடுல்ஸ். இரண்டாம் நாள் முட்டைச் சோறு. நான் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். ஐந்தாம் நாள் என்று போட்டு, மரவள்ளிக்கிழங்கு, அப்பாவே தோண்டி எடுப்பார் என்று எழுதி, பக்கத்தில் ஒரு மண்வெட்டியும் வரைந்திருந்தாள். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை நான் கிழித்துவிட்டேன். ஏன் கிழித்தேன் என்று எனக்கே தெரிவதற்குள் அது என் கையில் இருந்தது. குழந்தை அழுதாள், சாந்தி அவளை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். நீ மட்டும் உட்கார்ந்து என்னையே பார்த்தாய். "என்னம்மா இது, சின்னப் பிள்ள ஆசையா எழுதினது லா" என்றாய். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கி எம்ஆர்டி ரயில் பிடித்து ஈசூனுக்கு வந்துவிட்டேன். அந்தக் கிழிந்த காகிதம் வழியெல்லாம் என் உள்ளங்கையில் கசங்கிக்கொண்டே வந்தது.

நீங்கள் விமானம் ஏற இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அதற்குள் நான் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உனக்கு முன்னால் பிறந்தவள் ஒருத்தி இருந்தாள், ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லி உன்னை வளர்த்தோம். காய்ச்சல் இல்லை, தம்பி. அவள் எப்படிப் போனாள் என்பது உங்கப்பாவுக்குப் பாதி தெரியும். முழுசாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உங்கப்பா அந்தப் பாதியைச் சுமந்துகொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார். மீதிப் பாதியை நானும் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ இப்போது பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு, அடுப்போடும் பானையோடும் தெரியாத ஊருக்குப் போகிறாய். இனி வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியாது.

நேரே விஷயத்துக்கு வர எனக்குத் தைரியம் போதவில்லை. முதலில் சமையலைச் சொல்கிறேன், அதுதான் எனக்கு வரும். நீ காட்டின அந்தக் கேரவன் படத்தில் இரண்டு கேஸ் அடுப்பு, கைகழுவும் தொட்டி, சின்னக் குளிர்பெட்டி எல்லாம் இருக்கிறது. எங்கள் வண்டியில் இருந்ததைவிட இது அரண்மனை! இருந்தாலும் ஓடுகிற வண்டியில் சமைப்பவர்களுக்குச் சில விஷயம் என்றைக்கும் ஒன்றுதான். புளிக்காய்ச்சலை இங்கேயே நல்லெண்ணெய் மிதக்க மிதக்கக் காய்ச்சித் தருகிறேன், சாந்தி தலைசுற்றிப் படுத்திருந்தாலும் நீ சோறு மட்டும் வடித்துப் பிசைந்து கொடுத்துவிடலாம். ரவையை வறுத்து ஆறவைத்து டின்னில் போட்டுத் தருகிறேன், வெங்காயமும் தண்ணீரும் இருந்தால் பத்து நிமிடத்தில் உப்புமா. பாசிப்பருப்பும் அரிசியும் ஒன்றுக்கு மூன்றாகக் கலந்து வைக்கிறேன், இஞ்சி தட்டிப்போட்டுக் குழைய வேகவிட்டால் குளிருக்கு அதைவிட வேறு சாப்பாடு வேண்டாம். சார்டின் டின்னைத் திறந்து அப்படியே சூடாக்கிச் சோற்றில் கொட்டாதே, உன் சமையல் எனக்குத் தெரியும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி, கொஞ்சம் புளி விட்டு, மீன் உடையாமல் இறக்கு. உப்பை இரண்டு இடத்தில் வை, ஒன்று நனைந்தால் இன்னொன்று இருக்கும். வெளியே விறகு அடுப்பில் வைக்கிற பானை என்றால், ஏற்றுவதற்கு முன் அடிப்பக்கம் பூராவும் துணி துவைக்கிற சவுக்காரத்தைக் குழைத்துத் தடவிவிடு. கரி பிடிக்காது, கழுவினால் சவுக்காரத்தோடு கரியும் வந்துவிடும். நாங்கள் சவுக்காரத்துக்கு எங்கே போவது, சாம்பலையும் களிமண்ணையும் பிசைந்து பூசுவோம்.

நாங்கள் என்று சொல்கிறேன், உனக்கு அது தெரியாது. நீ பிறந்து மூன்று நான்கு மாதத்திலிருந்து ஏறக்குறைய எட்டு மாதம் நாம் நால்வரும் ஒரு லாரியில் குடியிருந்தோம். உங்கப்பா தேக்காவில் ஒரு மொத்த வியாபாரியிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சிங்கப்பூருக்குள் ஜப்பான்காரன் வந்ததும் லாரியைப் பிடுங்கிக்கொண்டான், ஓட்டுகிற ஆளையும் சேர்த்து. வடக்கே ரப்பர்த் தோட்டங்களில் மரத்தை வெட்டி விறகாக்கி டவுனுக்குக் கொண்டுவர வேண்டும், அதுதான் வேலை. அப்போது தெருவில் சும்மா நிற்கிற ஆம்பளைகளைப் பிடித்துச் சயாம் ரயில் போடுவதற்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்களை எண்ணிவிடலாம். "லாரியில ஒக்காந்திருக்கிற வரைக்கும் என்னத் தொடமாட்டான். ஒங்கள இங்க விட்டுட்டுப் போனா எனக்கு ஸ்டியரிங்கப் பிடிக்கக் கை வராது. எல்லாரும் ஏறுங்க" என்றார் உங்கப்பா. தேக்கா சந்தைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையைப் பூட்டி, ஒரு பானை, ஒரு சட்டி, இரண்டு தகரக் குவளை, ஒரு கோணிச்சாக்கு நிறையத் துணி, இவற்றோடு நாம் ஏறினோம்.

பெட்ரோல் கிடையாது. அந்த லாரி கரியில் ஓடியது. பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம், அதில் கரியைப் போட்டு எரித்தால் வருகிற புகையில் இன்ஜின் ஓடும். சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும் என்று நினைத்துவிடாதே. துருத்தியைச் சுற்றிச் சுற்றி, கரி கனன்று வர இருபது நிமிடம், சில நாள் அரைமணி நேரம் ஆகும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள். லாரி ஓடி நின்ற பிறகு டிரம் வெகுநேரம் சூடாக இருக்கும், அதன்மேல் பானையை வைத்து நான் கஞ்சியைச் சூடு ஆறாமல் வைத்திருப்பேன். விறகு ஏற்றுகிற வண்டியாக இருந்தும் எங்களுக்கென்று ஒரு கட்டை எடுக்கக் கூடாது, எண்ணி வைத்திருப்பான். கீழே விழுந்த சுள்ளியைப் பொறுக்கித்தான் சமைப்பேன். அதனால் எதை அடுப்பில் வைத்தாலும் மூடி போட்டுவிடுவேன். மூடினால் சீக்கிரம் வேகும், சுள்ளி மிச்சம். என் அம்மாவிடம் பழகின பழக்கம் அது. சோறு வடித்த கஞ்சியையும் கொட்டியதே இல்லை, உப்புப் போட்டுக் குடித்துவிடுவோம். உனக்கும் அப்படித்தான் கொடுத்து வளர்த்தேன். கஞ்சித்தண்ணியைக் கொட்டுகிறவளைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும், சாந்திக்குத் தெரியும்.

உன் அக்கா பெயர் அஞ்சலை. இந்தப் பெயரை உன் முன்னால் நான் சொன்னதே இல்லை. அப்போது அவளுக்கு நான்கு வயது. நெற்றியில் மஞ்சளாகப் பூனைமயிர், காதில் வேப்பங்குச்சி. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து போகிற மரத்தையெல்லாம் எண்ணுவாள், பன்னிரண்டுக்கு மேல் தெரியாது, திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். உன்னைத் தூக்கத் தெரியாமல் தூக்கி இரண்டு தடவை கீழே போட்டிருக்கிறாள். சாப்பாட்டு விஷயத்தில் அவள் உங்கப்பாவின் செல்லம். அவர் மடியில் உட்கார்ந்தால்தான் இறங்கும். அவர் சோற்றை உருட்டி, "இது இன்ஜினுக்கு, இது டயருக்கு, இது ஹாரனுக்கு" என்று சொல்லிச் சொல்லி ஊட்டுவார். ஹாரனுக்கு என்றதும் அவள் பீம் என்று கத்தி வாயைத் திறப்பாள். உனக்கு இது தெரிய வேண்டும். அவர் கைக்கு ஊட்டத் தெரியும், தம்பி. நன்றாகவே தெரியும்.

நீசூன் கிராமத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஆறு வளைகிற இடத்தில் நாங்கள் லாரியை நிறுத்துவோம். அங்கே ஒரு மலாய்க்காரம்மா குடிசை போட்டிருந்தாள். அத்தை என்கிற மாதிரி மக்சீக் என்று கூப்பிடுவோம். எங்களைவிட அவள் ஒன்றும் வசதியில்லை. ஆனால் சர்க்கரைவள்ளிக் கீரையைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பாள். தேங்காய்ப் பாலில் அதைப் போட்டு, பிளாச்சான் என்கிற இறால் விழுது கொஞ்சம் கரைத்துக் கொதிக்கவைக்கிற விதத்தை அவளிடம்தான் கற்றேன். உனக்குப் பிடித்த என் கீரைக் குழம்பு அவளுடையதுதான், என்னுடையது இல்லை.

ஒரு வாரம் லாரியின் டயர் வெடித்து அங்கேயே மாட்டிக்கொண்டோம். ரேஷன் அரிசி வாங்க டவுனுக்குப் போக வழியில்லை. கையிலிருந்த குருணை இரண்டு நாளில் தீர்ந்தது. மூன்றாம் நாள் காலையில் உங்கப்பா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய மாவு ஆலை, ஆள் ஓடிப்போய்க் காடாகக் கிடந்தது. அதையொட்டி இருந்த தோட்டத்தில் மரவள்ளி தானாக முளைத்து நின்றிருக்கிறது. ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம், அப்படி நாலைந்து கிழங்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்! "இந்தா, இன்னைக்கு வயிறு நெறையச் சாப்பிடுங்க" என்று என் காலடியில் போட்டுவிட்டு, டயரைப் பார்க்க லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அஞ்சலை கிழங்கைச் சுற்றிச் சுற்றி வந்து குதித்தாள்.

அந்த நேரத்தில் மக்சீக் தண்ணீர் எடுக்க அந்த வழியாக வந்தாள். கிழங்கைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டாள். எங்கே எடுத்தது என்று கேட்டாள். நான் ஆலைப் பக்கம் கையைக் காட்டினேன். அவள் குனிந்து தோலை நகத்தால் கீறி, நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். மலாயில் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்கு அப்போதே மலாய் நன்றாகத் தெரியும், சந்தைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள் நான். "இது கசப்புக் கிழங்கு. ஆலைக்குப் போடுறது. உள்தோலையும் உரிச்சுச் சின்னதா நறுக்கு. இன்னைக்குப் பூரா தண்ணியில ஊறட்டும், நாளைக்கு வேகவை. மூடி போடாதே. வெந்த தண்ணியக் கொட்டிடு, வேற தண்ணி ஊத்தித் திரும்ப வேகவை. அந்தத் தண்ணிய யாரும் குடிக்கக் கூடாது" என்றாள். சரி சரி என்று தலையாட்டினேன். போகும்போதும் திரும்பிப் பார்த்து, தண்ணியக் கொட்டிடு என்று கையால் கொட்டிக் காட்டிவிட்டுப் போனாள்.

நாளைக்கு என்றால் எப்படி, தம்பி? பிள்ளை இரண்டு நாளாக அரைப்பட்டினி. என் மார்பில் பால் வற்றிப்போய் நீ வேறு கத்திக்கொண்டிருக்கிறாய். நாங்கள் ஊரில் தின்னாத கிழங்கா, இவள் என்ன எனக்குச் சமையல் சொல்லித்தருவது என்று ஒரு நினைப்பும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை. என் வாய்க்கொழுப்பும் மனக்கொழுப்பும் உனக்குத் தெரியாததா? மேல்தோலைச் சீவினேன், பெரிய பெரிய துண்டாகப் போட்டேன், தண்ணீர் ஊற்றி மூடினேன். சுள்ளி குறைவாக இருந்தது. கிழங்கு வேகுவதற்குள் அஞ்சலை என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். மூடியைத் திறந்து பார்த்தால் கிழங்கு இன்னும் கெட்டிதான், ஆனால் தண்ணீர் வெள்ளையாகக் கஞ்சி மாதிரிக் கெட்டிப்பட்டிருந்தது. அதை எப்படிக் கொட்டுவேன்? என் கை வரவில்லை. உப்புப் போட்டு ஆற்றித் தகரக் குவளையில் அவளுக்குக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தாள். "கசக்குதும்மா" என்றாள்.

"பேசாம குடி" என்றேன்.

குடித்தாள். இன்னொரு குவளையும் கொடுத்தேன், அதையும் குடித்தாள். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. பிறகு கிழங்கு வெந்ததும் உங்கப்பா வந்து அவளை மடியில் வைத்து இன்ஜினுக்கு, டயருக்கு என்று நான்கு துண்டு ஊட்டினார், அவரும் தின்றார். நான் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் தின்னலாம் என்று உன்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொம்பளை கடைசியில் சாப்பிடுகிற பழக்கத்தால் நான் பிழைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சலாக வரும்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. தலை வலிக்குது என்றாள். வாந்தி எடுத்தாள். உங்கப்பாவும் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பெரிய உடம்பு, அவருக்கு அத்தோடு போயிற்று. அவளுக்குக் கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. டயரை அரையும் குறையுமாக மாட்டி, உங்கப்பா கரியை அள்ளிப் போட்டுத் துருத்தியைச் சுற்றினார். இருபது நிமிடம். வாந்தி எடுத்துக்கொண்டே சுற்றினார். "புடிச்சுத் தொலையேன், புடிச்சுத் தொலையேன்" என்று அந்த டிரம்மைப் பார்த்துக் கத்தினார். பட்டப்பகல், வெயில் கொளுத்துகிறது, சுற்றி நெருப்பு மூட்ட மலைமலையாக விறகு, அந்த இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பிடித்து, கிளம்பி, ரப்பர்த் தோட்டத்தைத் தாண்டுவதற்குள் அவள் என் மடியில் போய்விட்டாள். அவர் முன்னால் ஓட்டிக்கொண்டிருக்கிறார், நான் பின்னால். தட்டிக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. அவர் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆற்று வளைவுக்கே திரும்பிக் கொண்டுவந்தோம். மக்சீக்கின் புருஷனும் உங்கப்பாவும் குழி தோண்டினார்கள், காலையில் கிழங்கு தோண்டிய அதே மண்வெட்டியால். மக்சீக் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடுப்பையும் மூடி போட்ட பானையையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது உங்கப்பா மண் படிந்த கையோடு வந்து என் முன்னால் நின்றார். "நான் கொண்டாந்த கெழங்குதானே? எனக்குத் தெரியலையே, கசப்புக் கெழங்குன்னு எனக்குத் தெரியலையே. யாராச்சும் ஒனக்குச் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல" என்றேன்.

இதுதான் நான் செய்தது. பசியில், அவசரத்தில் செய்த தப்பை ஆண்டவன் மன்னிப்பானோ மாட்டானோ, அது அவன் பாடு. ஆனால் இந்த இரண்டு வார்த்தையை நான் நிதானமாக, தெரிந்தே சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாரோ, என் முகத்தில் முழிக்க மாட்டாரோ என்கிற பயம். மக்சீக்குக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவள் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள்.

அன்றிலிருந்து உங்கப்பா எந்தப் பிள்ளைக்கும் தன் கையால் ஒரு வாய் கொடுத்ததில்லை. நீ தவழ்ந்து போய் அவர் தட்டில் கை வைத்தால் தட்டை உன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். நீ அதை எப்படி எடுத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். அவர் காரியம் முடிந்த அன்று உன் கூட்டாளியிடம், "எங்கப்பா எனக்கு ஒரு வாய் சோறு ஊட்டினது கிடையாது, அவ்வளவு பாசம்" என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்தேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவர் என் கையைப் பிடித்து, "அந்தக் கெழங்க நான் தோண்டாம இருந்திருக்கணும்" என்றார். நாற்பது வருஷம் ஆகியும் அதுதான் அவர் நாக்கில் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீங்க இல்லீங்க, நான்தான் என்று மூன்று வார்த்தை. நர்ஸ் வந்து சொட்டுமருந்தை மாற்றினாள், நான் அவர் வாயைத் துடைத்துவிட்டேன், அந்த நேரம் போய்விட்டது. அவரிடம் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்கிறேன். நீ அவர் படத்துக்கு முன்னால் நின்று, உரக்கச் சொல்லு. என் வாயால் வரவில்லை, பல தடவை நின்று பார்த்துவிட்டேன்.

கிளமெண்டிக்கு வந்து எங்களோடு இரு என்று நீ எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாய். ஈசூனில் அப்படி என்னம்மா இருக்கிறது என்று கேட்பாய். இந்த ஊர்தான் அந்த நீசூன். காடு, தோட்டம் எல்லாம் அழித்து அடுக்குமாடி கட்டி, பெயரையும் மாற்றிவிட்டார்கள். ஆறு இப்போது சிமெண்டு வாய்க்கால். அது வளைகிற இடத்தை வைத்து அடையாளம் பிடிக்கப் பார்த்தேன், கார் நிறுத்துமிடத்துக்கு அடியிலா, சறுக்குமரம் போட்டிருக்கிற மணலுக்கு அடியிலா, சரியாகச் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் அங்கே விளையாடிக்கொண்டே இருக்கும், சத்தம் என் சன்னலுக்குக் கேட்கும். அதனால்தான் இங்கே இருக்கிறேன். இனிமேல் கூப்பிடாதே.

நேற்றுக் காலையில் தேக்காவுக்குப் போனேன். காய்கறிக் கடையில் நின்று, மரவள்ளி ஒரு கிலோ போடு என்றேன். கடைக்காரர் கிழங்கை உடைத்து வெள்ளையைக் காட்டினார். "கசக்குமா?" என்று கேட்டேன். "இப்ப எங்கம்மா கசப்புக் கெழங்கு வருது? மாவா வேகும் லா, பயப்படாம வாங்குங்க" என்று சிரித்தார். அவருக்கு என்ன தெரியும். வீட்டுக்கு வந்து பானை மூடியைக் கொண்டுபோய்ப் படுக்கையறைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். உள்தோல்வரை உரித்து, விரல் கனத்துக்கு நறுக்கி, ஊறவைத்து, மூடி இல்லாமல் வேகவிட்டேன். பொங்கி வந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டினேன். கொட்டும்போது கை ஒரு நொடி பிடித்து நின்றது. கொட்டிவிட்டேன். வேறு தண்ணீர் ஊற்றித் திரும்பவும் வேகவைத்து, அதையும் கொட்டினேன். தேங்காய் துருவிப் போட்டு இரண்டு துண்டு தின்றேன். அந்தக் காலத்துக்குப் பிறகு முதல் தடவை. இனிப்பாகத்தான் இருந்தது. அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன், வெகுநேரம் அழுதேன், பிறகு எழுந்து பாத்திரத்தைக் கழுவி வைத்தேன்.

மீராவின் காகிதத்தை நீவி, பின்னால் ஒரு தாளை ஒட்டி இதோடு வைத்திருக்கிறேன். மண்வெட்டிப் படம் கிழிந்துபோயிற்று, அவளையே திரும்ப வரையச் சொல். ஐந்தாம் நாள் அப்படியே இருக்கட்டும். ஆனால் தெரியாத தோட்டத்தில் நீ எதையும் தோண்டாதே, கடையில் வாங்கு, நேற்று நான் செய்த மாதிரியே செய். மீராவிடம், உனக்கு ஒரு அத்தை இருந்தாள், பெயர் அஞ்சலை, அவளும் உன்னைப்போல வண்டியில் ஊர் சுற்றினாள், மரமெல்லாம் எண்ணுவாள் என்று சொல். மீதியை அவள் வளர்ந்த பிறகு நீ சொன்னால் போதும். நான் இருந்தால் நானே சொல்கிறேன். கிழித்ததற்கு வந்து மன்னிப்புக் கேட்கிறேன், குழந்தையிடம் கேட்டால் ஒன்றும் குறைந்துவிட மாட்டேன்.

அன்றைக்கு அவளை மடியில் உட்காரவைத்து நீ உன் கையாலேயே ஊட்டு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எதற்கு என்று சாந்தி சிரிப்பாள், சிரிக்கட்டும். இன்ஜினுக்கு, டயருக்கு, ஹாரனுக்கு என்று உங்கப்பா சொன்ன மாதிரியே சொல். இன்னும் ஒன்று. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, எந்த ஊரோ, என்ன சாப்பாடோ, அவள் ஒரு வாய் வைத்துவிட்டுக் கசக்குது என்று சொன்னால், பேசாமல் சாப்பிடு என்று மட்டும் சொல்லிவிடாதே. தட்டை வாங்கிக் கீழே வைத்துவிடு. பிள்ளை கசக்குது என்றால் கசக்கிறது, தம்பி.

உன் அம்மா